கார் ஷெட் தளத்தில் தண்ணீர் நிற்கிறது: மேலே சிமெண்ட் போடலாமா?

கேள்வி: மன்னார்குடியில் இருக்கும் பள்ளி ஆசிரியை நான். வீட்டுக்குக் கிழக்கே, சுவரை ஒட்டினாற்போல 9 வருடம் முன்பு கார் ஷெட் கட்டினோம். அகலம் 11 அடி, தெற்கு வடக்காக நீளம் 18 அடி. மேலே கூரையாகக் கான்கிரீட் தளம், 4 அங்குல கனம் என்று அப்போது மேஸ்திரி சொன்னார். மூன்று பக்கம் ஓரடி உயரக் கைப்பிடிச் சுவர், நாலாவது பக்கம் வீட்டுச் சுவர். தண்ணீர் போக வடகிழக்கு மூலையில் ஒரே ஒரு குழாய். மழை பெய்தால் நடுவில் ஆரம்பித்துத் தெற்குச் சுவர் வரை தண்ணீர் தேங்கிவிடுகிறது. சுவரோரம்தான் ஆழம் அதிகம், ஒன்றேகால் அங்குலம் இருக்கும். வற்ற நான்கைந்து நாள் ஆகிறது. வீட்டு மாடித் தண்ணீரும் இதன் மேல்தான் விழும். ஷெட்டுக்குள் நின்று பார்த்தால், வீட்டுச் சுவரை ஒட்டிக் கூரையில் ஈரம், வெள்ளையாகப் பூத்தும் இருக்கிறது. தளம் முழுக்கச் சிமெண்ட் போட்டு வாட்டம் (தண்ணீர் வடியச் சரிவு) எடுத்தால் சரியாகிவிடும் என்கிறார் மேஸ்திரி. வாட்டர் ப்ரூஃப் அடித்தால் போதும் என்கிறார் பெயிண்ட் கடைக்காரர். தகர ஷீட் போட்டுவிடலாம் என்கிறான் என் தம்பி. யார் சொல்வதைக் கேட்பது? பெயர் வேண்டாம், சார்.

பதில்:

அம்மா, மூன்று பேரும் தளத்துக்கு மேலே எதைப் போடலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர் ஏன் அங்கே நிற்கிறது என்று யாரும் குனிந்து பார்த்த மாதிரி தெரியவில்லை. உங்கள் கடிதத்திலேயே அதற்குப் பாதி பதில் இருக்கிறது.

"வீட்டு மாடித் தண்ணீரும் இதன் மேல்தான் விழும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் அந்த இடத்தில்தான் கை வைப்பேன். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். உங்கள் ஷெட் தளம் 198 சதுர அடி, அதாவது 18 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 10 மில்லிமீட்டர் மழைக்கு அதில் சேர்வது 184 லிட்டர். வீட்டு மாடி 1000 சதுர அடி என்று வைத்துக்கொண்டால், அதே மழைக்கு அங்கிருந்து வருவது 930 லிட்டர். தன் தண்ணீரைப் போல ஐந்து மடங்கை அந்தச் சின்னத் தளம் சுமந்து, ஒரே ஒரு மூலைக் குழாய் வழியாக வெளியே தள்ள வேண்டியிருக்கிறது. மாடியிலிருந்து மண்ணும் இலையும் வேறு கூடவே வரும், அவை முதலில் போய் அடைப்பது அந்தக் குழாய் வாயைத்தான்.

எனவே முதல் வேலை, மாடிக் குழாயை ஷெட் தளத்தில் விழவிடாமல் திருப்புவது. ஒரு எல்போ (வளைவுத் துண்டு) போட்டு, வீட்டுச் சுவரிலேயே கிளாம்ப் அடித்து, லேசான சரிவோடு தெற்கு மூலை வரை கொண்டுபோய்க் கீழே இறக்கிவிடுங்கள். பிளம்பருக்கு ஒரு நாள் வேலை, மழைக்காலத்திலேயே செய்யலாம். தண்ணீரை அப்படியே மழைநீர்க் குழியில் விட்டுவிடுங்கள். 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான பிறகு கட்டிய வீடாக இருந்தால் குழி இருக்க வேண்டும். மண் மூடிக் கிடந்தால் இந்தச் சாக்கில் தோண்டி எடுத்துவிடுங்கள். ஏ.சி. வெளி யூனிட், தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற குழாய் ஏதாவது அந்தத் தளத்தில் சொட்டுகிறதா என்றும் பாருங்கள். மழையே இல்லாத மாதத்திலும் ஈரம் காயவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

இதைச் செய்தாலே குளம் பாதி குறையும். மீதிப் பாதிக்கு அளவு எடுக்க வேண்டும்.

தளம் தொய்ந்துவிட்டதா, அல்லது கட்டும்போதே வாட்டம் தப்பாகப் போய்விட்டதா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் தளத்துக்கு மேல் ஒரு சட்டி கலவைகூடக் கொட்டாதீர்கள். தொய்ந்த தளத்தில் தண்ணீர் நடுவில் ஆழமாகவும் ஓரங்களில் மேலோட்டமாகவும் நிற்கும், தாம்பாளம் மாதிரி. உங்களுடையது தெற்குச் சுவரோரம்தான் ஆழம் என்கிறீர்கள். எனக்குத் தோன்றுவது: சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை) அடிக்கும்போதே தெற்குப் பக்க முட்டு கொஞ்சம் இறங்கியிருக்கும், அல்லது வாட்டத்தை வடக்கே எடுக்க வேண்டியவர் தெற்கே எடுத்துவிட்டு, குழாயைத் தெருப் பக்கம் இருக்கட்டும் என்று வடகிழக்கில் வைத்திருப்பார். தளம் ஒரு பக்கம் சாய்கிறது, வடிகால் மறு பக்கம் இருக்கிறது. இதை நான் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் ஊகத்தை நம்பிச் சுத்தியலை எடுக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தெளிவாகத் தெரிகிற பிளாஸ்டிக் டியூப் 30 அடி வாங்கி, குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பினால் அதுதான் டியூப் லெவல். ஒரு முனையைக் குழாய் வாய்க்கு நேரே ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மறு முனையை நான்கு மூலைகளுக்கும், நான்கு சுவர்களின் நடுவுக்கும், தளத்தின் நடுவுக்கும் கொண்டுபோய், தளத்திலிருந்து டியூபில் தண்ணீர் நிற்கும் உயரத்தை ஸ்கேலால் அளந்து ஒரு தாளில் குறியுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தால் உங்களைவிட ஒழுங்காகச் செய்துவிடுவார்கள். குழாய் வாய் சுற்றியுள்ள தளத்தைவிட உயரமாக இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். குழாயை வைத்துவிட்டுச் சுற்றிப் பூசும்போது, வாய் அரை அங்குலம் தூக்கலாக நின்றுபோவது வெகு சாதாரணம். அப்படியிருந்தால் அந்த அரை அங்குலத் தண்ணீர் வெயிலில் காய வேண்டியதுதான், வேறு வழியில் போகாது.

அடுத்து ஷெட்டுக்குள் வாருங்கள். 11 அடி அகலத்தில், கிழக்குச் சுவரிலிருந்து மேற்குச் சுவர் வரை கூரையை ஒட்டி ஒரு நூல் கட்ட வேண்டும். இரண்டு முனையிலும் நூலுக்கும் கூரைக்கும் நடுவே ஒரே கனத்தில், சரியாக ஓர் அங்குல மரத்துண்டு ஒவ்வொன்று வையுங்கள். நூலை விறைப்பாக இழுத்து, நடுவில் நூலுக்கும் கூரைக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளங்கள். அங்கேயும் ஓர் அங்குலம் இருந்தால் தொய்வு இல்லை. முக்கால் அங்குலம் இருந்தால் கால் அங்குலத் தொய்வு. தளத்தின் தொய்வு நீளத்தில் 250-இல் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரவிதி. 11 அடிக்கு அது ஏறக்குறைய அரை அங்குலம். அதைத் தாண்டினாலோ, கூரையின் நடுவில் நீளவாக்கில் விரிசல் தெரிந்தாலோ, பழுப்பாகத் துருக்கறை இறங்கியிருந்தாலோ, சுத்தியலால் மெல்லத் தட்டும்போது கிண்ணென்று கேட்காமல் உள்ளே பொள்ளலாகக் கேட்டாலோ, அத்தோடு நிறுத்திவிட்டு உங்கள் ஊரில் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். துருப்பிடித்த கம்பி தன் பழைய பருமனைவிடப் பல மடங்கு ஊதும், கீழே இருக்கிற கான்கிரீட்டைத் தானே பிளந்து தள்ளும். அதற்கு மருந்து வேறு, இந்தப் பதிலில் அது அடங்காது.

சரி, தொய்வு இல்லை என்றே வைத்துக்கொள்வோம். இப்போது மேஸ்திரி சொன்ன வழியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தளத்துக்கு வாட்டம் 100-க்கு 1 வேண்டும், அதாவது 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் மாதிரி. தெற்கே தேங்குகிற தண்ணீரை வடக்கே இருக்கும் குழாய்க்குத் துரத்த வேண்டுமென்றால், குழாய்ப் பக்கம் முக்கால் அங்குலத்தில் தொடங்கும் கலவை, 18 அடி தாண்டித் தெற்குச் சுவருக்கு வரும்போது 4 அங்குலத்தைத் தாண்டிவிடும். சராசரி இரண்டரை அங்குலம். சிமெண்ட் கலவை ஓர் அங்குல கனத்துக்குச் சதுர அடிக்கு 5 கிலோ எடை இருக்கும். அப்படியானால் சதுர அடிக்கு 12 கிலோவுக்கு மேல், மொத்தத் தளத்துக்கு 2400 கிலோ. கீழே ஒரு கார் நிற்க, தலைக்கு மேல் மூன்று சின்னக் காரை நிறுத்தி வைத்த மாதிரி! இத்தனையும் எதற்கு? இப்போது தேங்கி நிற்கிற தண்ணீர் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 150 கிலோதான் இருக்கும்.

ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு இன்ஜினியர்கள் கணக்கில் விடும் சுமையே சதுர மீட்டருக்கு 150 கிலோ, சதுர அடிக்கு 14 கிலோ. மேஸ்திரி ஏற்றச் சொல்வது ஏறக்குறைய அவ்வளவு, அதுவும் நிரந்தரமாக. 11 அடி அகலத்துக்கு 4 அங்குலத் தளம் என்பது எனக்கே கொஞ்சம் மெலிவாகத்தான் படுகிறது, நானாக இருந்தால் 5 போட்டிருப்பேன். விழுந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் எடை ஏறினால் இல்லாத தொய்வும் வரும், தொய்வு வந்தால் தண்ணீர் மறுபடி நிற்கும், இந்த முறை நடுவில்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானே இதைச் செய்திருக்கிறேன். தூணே இல்லாமல் வீட்டுச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கிற ஒரு போர்டிகோ. தண்ணீர் நிற்கிறது என்றார்கள், 3 அங்குலத்துக்கு வாட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த ஐப்பசிக்குள் சுவரை ஒட்டித் தளத்தின் மேற்புறம் விரிசல். அந்த மாதிரி நீட்டுத் தளத்தில் பாரம் தாங்கும் கம்பி மேற்புறம் இருக்கும், விரிசலும் மேலேதான் விழும், தண்ணீர் நேராகக் கம்பிக்கே இறங்கும். போட்டதையெல்லாம் என் செலவில் கொத்தி எடுத்தேன். உங்கள் ஷெட் நான்கு பக்கமும் தாங்கல் உள்ளது, அந்த ஆபத்து இல்லை. முன்பக்கம் தூண் இல்லாத போர்டிகோ வைத்திருக்கும் மற்ற வாசகர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் என்ன செய்வது? தண்ணீரைக் குழாயிடம் துரத்தாமல், குழாயைத் தண்ணீரிடம் கொண்டுபோங்கள். தண்ணீர் எங்கே போக ஆசைப்படுகிறது என்று 9 வருடமாக உங்களுக்குக் காட்டிக்கொண்டே இருக்கிறது: தெற்குச் சுவருக்கு. அந்தச் சுவரிலேயே, டியூப் லெவலில் ஆகத் தாழ்வாகக் காட்டிய இடத்தில் வழி வெட்டிக் கொடுத்துவிடலாம். தளத்தைத் துளைக்க வேண்டியதில்லை, துளைக்கவும் கூடாது. கைப்பிடிச் சுவர் செங்கல்தானே, அதன் அடியில் தளத்தோடு தளமாக 4 அங்குலக் குழாய் போக ஒரு துளை. உங்கள் தளத்தின் அளவுக்கு 3 அங்குலமே தாராளம், ஆனால் இலை அடைக்கும் என்று நான் எப்போதும் 4 வைக்கச் சொல்வேன். அந்தச் சுவரிலேயே இன்னொரு பக்கம், தளத்திலிருந்து 2 அங்குலம் உயரத்தில் ஒரு சின்னக் குழாய் வையுங்கள். பெரியது அடைத்துக்கொண்டால் தண்ணீர் அது வழியாகக் கொட்டும், கீழே நின்றே தெரிந்துகொள்வீர்கள். இரண்டும் விழும் இடம் உங்கள் மனைக்குள் இருக்கட்டும், பக்கத்து வீட்டுச் சந்தில் விட்டால் அது வேறு வழக்காகிவிடும்.

இந்தக் குழாய் வைப்பதில்தான் பெரும்பாலான ஆட்கள் சொதப்புவார்கள். பி.வி.சி.யும் சிமெண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது. அப்படியே வைத்துப் பூசினால் ஒரு கோடைக்குள் குழாயைச் சுற்றி முடி மாதிரி இடைவெளி விட்டுவிடும், அடுத்த மழையில் சுவருக்குள் தண்ணீர். குழாயின் வெளிப்புறத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, பி.வி.சி. பசை தடவி, ஈரம் காய்வதற்குள் மணலைத் தூவச் சொல்லுங்கள். மணல் ஒட்டிய குழாயைச் சிமெண்ட் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். துளையைச் சுற்றி அடைக்கச் சுருங்காத கிரவுட் (சந்தை அடைக்கும் கலவை) கிடைக்கிறது, அதையே வாங்கிக் கொடுங்கள். குழாய் வாய்க்கு முன்னால் ஓர் அடி சதுரத்துக்கு இருக்கிற பழைய பூச்சை மட்டும் செதுக்கி, சாஸர் மாதிரி பள்ளமாக்க வேண்டும். கான்கிரீட்டில் உளி படக் கூடாது, பூச்சோடு நிற்கட்டும். பூச்சே இல்லாமல் வெறும் கான்கிரீட் என்றால் செதுக்காமல், சுற்றியுள்ள இடத்தை அரை அங்குலம் ஏற்றிக்கொள்ளலாம். வாயில் பந்து மாதிரி உப்பலான ஜாலி போடுங்கள். தட்டையான ஜாலியை ஒரே ஒரு பாதாம் இலை மூடிவிடும்.

அதன் பிறகும் டியூப் லெவல் தாளில் அங்கங்கே கால், அரை அங்குலப் பள்ளம் காட்டும் இடங்கள் இருக்கும். அவற்றை மட்டும் நிரவினால் போதும். பழைய பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, கொத்துப் போட்டு, தளத்தை நனைத்து, சிமெண்ட் பால் ஊற்றித் தேய்த்து, அது காய்வதற்குள் கலவை போட வேண்டும். ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல், அதில் வாட்டர் ப்ரூஃப் மருந்து சேர்த்துக்கொள்ளலாம். பாசி மேலேயே கலவை போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஒரு வருடத்தில் அது அப்பளமாகப் பெயர்ந்து வரும். மூன்று கைப்பிடிச் சுவர்களும் தளமும் சேரும் மூலையில் 2 அங்குலத்துக்குச் சாய்வாகக் கலவை அணைத்துவிடச் சொல்லுங்கள். ஏழு நாள் பாத்தி கட்டியோ ஈரச் சாக்குப் போட்டோ நனைத்து வைக்க வேண்டும்.

இனி அந்த ஈரமும் வெள்ளைப் பூப்பும். நடுக் கூரையில் இல்லாமல் வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். குளம் ஒரு பக்கம், கசிவு இன்னொரு பக்கம். கான்கிரீட்டுக்குள் புகுந்த தண்ணீர் அதிலிருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்து, காற்றில் பட்டதும் வெள்ளையாக உறைவதுதான் அந்தப் பூப்பு. தண்ணீர் புகுந்த வழி, வீடும் ஷெட்டும் சேரும் அந்தப் பொருத்து. வீடு முதலில் கட்டியது, ஷெட் பிற்பாடு வந்தது. இரண்டும் தனித்தனி அஸ்திவாரம், தனித்தனியாக இறங்கும், வெயிலுக்குத் தனித்தனியாக நீளும். 18 அடித் தளம் 30 டிகிரி சூடு ஏறினால் ஒன்றரை மில்லிமீட்டர் நீளும். அந்தப் பொருத்தில் சிமெண்ட் வைத்துப் பூசினால் ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் வெடிக்கும். இதற்கு முன் இரண்டு மூன்று தரம் பூசியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அங்கே வேண்டியது இழுபடுகிற பொருள். பொருத்து நீளத்துக்கும் பழைய பூச்சை மெஷினால் அரை அங்குல அகலத்துக்கு வெட்டி, தூசு ஊதி, உள்ளே ஸ்பாஞ்சுக் கயிறு வைத்து, பாலியூரிதேன் சீலண்ட் நிரப்ப வேண்டும். அதன் மேல் தளத்தில் ஓர் அடி, சுவரில் ஓர் அடி வருகிற மாதிரி ஃபைபர் வலை பதித்து வாட்டர் ப்ரூஃப் கோட்டிங். பெயிண்ட் கடைக்காரரின் டப்பாவுக்கு இப்போதுதான் முறை வருகிறது. தண்ணீர் நிற்கிற தளத்தில் அதை அடித்திருந்தால், நாள்கணக்கில் ஊறி அக்ரிலிக் கோட்டிங் இளகிப் பெயர்ந்திருக்கும். வாட்டம் சரியான தளத்தில் அதே கோட்டிங் நன்றாக உழைக்கும்.

தம்பி சொல்லும் தகர ஷீட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டெல்டாவில் புயல் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஷீட்டைத் தாங்கும் கம்பிக் காலை ஓரடிக் கைப்பிடிச் சுவரில் நட்டால் சுவரோடு பிடுங்கும், தளத்தில் நட்டால் புதிதாகப் பத்து ஓட்டை.

எப்போது செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். மாடிக் குழாயைத் திருப்புவது, இலை அள்ளுவது, அளவெடுப்பது இப்போதே. ஒவ்வொரு மழை விட்ட பிறகும் தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக வளர ஒரு வாரம், பத்து நாள் போதும். மழைக்கு மேல் மழை என்றால் உங்கள் தளம் அதற்கு நல்ல நாற்றங்கால். சுவரில் துளை போடும் வேலையும் கலவை வேலையும் பொங்கலுக்குப் பிறகு, தை, மாசியில். சித்திரை வெயிலில் கலவை போட்டால் நனைக்க நனைக்க வெடிக்கும். கோட்டிங் அடிக்கும் முன் தளம் உள்ளுக்குள்ளும் காய்ந்திருக்க வேண்டும். இரண்டடி சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டித் தளத்தில் ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காலையில் தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.

மேஸ்திரி "உங்களுக்கு இதெல்லாம் தெரியாதும்மா" என்று சொல்லக்கூடும். அளவு குறித்த தாளை அவர் கையில் கொடுத்து, 4 அங்குலக் கலவையின் எடை எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். நல்ல மேஸ்திரி என்றால் தாளை வாங்கிப் பார்ப்பார். வேலை முடிந்து கலவை இறுகிய பிறகு, வடக்கு ஓரத்தில் பத்து வாளித் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் கழித்து மேலே போங்கள். அங்கங்கே ரூபாய் நாணய கனத்துக்கு ஈரம் தங்கலாம், எந்தத் தளமும் கண்ணாடி மாதிரி அமையாது, அது மறுநாள் வெயிலுக்குக் காய்ந்துவிடும். விரல் நகம் மூழ்கும் அளவுக்கு எங்காவது நின்றால் அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு அவரிடமே காட்டுங்கள். கூலியில் கடைசித் தவணையை அது வரைக்கும் கையில் வைத்திருங்கள்.